ஃபிஃப்டி வாங்கினால் போதுமா?

புதிதாக கேமரா வாங்கியவருக்கு யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார்: "கூட வந்த கிட் லென்ஸை ஓரமா வை. ஒரு ஃபிஃப்டி எம்.எம். பிரைம் வாங்கு, அப்புறம் பாரு." நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். பிரைம் என்றால் ஜூம் ஆகாத லென்ஸ்; அதில் 50 எம்.எம். எஃப்/1.8 விலை குறைந்தது. கேனன் செய்வது 160 கிராம்தான் இருக்கும். ஆனால் இந்த யோசனையோடு ஒட்டிக்கொண்டு வரும் சில நம்பிக்கைகளை அப்படியே நம்பிப் பணத்தைப் போட்டால், லென்ஸ் பெரும்பாலும் பையிலேயே கிடக்கும்.

"பிரைம்தான் ஷார்ப், ஜூம் என்றாலே மங்கல்"

ஒரு காலத்தில் சரியாகத்தான் இருந்தது. 35 எம்.எம். ஸ்டில் கேமராவுக்கான முதல் ஜூம் லென்ஸான ஃபோக்ட்லேண்டர் ஜூமார் 1959-இல் வந்தது. 1963-இல் வந்த நிக்கானின் 43-86 எம்.எம். ஜூம், நேர்கோட்டை வளைத்துக் காட்டுவதற்கென்றே பேர் வாங்கியது. பிரைமில் ஒரே ஒரு ஃபோகல் லென்த்துக்குக் கண்ணாடிகளை ஒழுங்கு செய்தால் போதும். ஜூமிலோ கண்ணாடிக் கூட்டங்கள் முன்னும் பின்னும் நகரும்; எந்த இடத்தில் நிறுத்தினாலும் பிழை தெரியக் கூடாது. கணினி வழி வடிவமைப்பும், ஆஸ்பெரிக்கல் கண்ணாடியும், நல்ல கோட்டிங்கும் அந்த இடைவெளியை வெகுவாகக் குறைத்துவிட்டன. 2013-இல் சிக்மா 18-35 எம்.எம். ஜூமை, முழு நீளத்துக்கும் எஃப்/1.8 என்று கொண்டுவந்தபோது, அதுவரை பிரைமின் சொத்தாக இருந்த எண் ஜூமின் மீதும் ஏறியது.

இன்றைய நல்ல 24-70 ஜூமையும் ஒரு 50 பிரைமையும் எஃப்/8-இல் வைத்து எடுத்து ஆல்பத்தில் ஒட்டினால், எது எதுவென்று எடுத்தவருக்கே சொல்ல வராது. விலை குறைந்த ஃபிஃப்டியை எஃப்/1.8-இல் முழுதாகத் திறந்தால் ஓரங்கள் கொஞ்சம் குழைவாகத்தான் இருக்கும், எஃப்/2.8-க்கு வந்தால் தெளியும். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். "ஷார்ப்பா இல்லையே" என்று நம்மிடம் வரும் படங்களில் பாதிக்கு மேல் ஃபோகஸ் காதில் விழுந்ததாலோ, ஷட்டர் ஸ்பீட் 1/30-இல் கிடந்ததாலோ கெட்டவை. அதற்கு லென்ஸ் என்ன செய்யும்?

"பின்னணியை மங்கலாக்க பிரைம்தான் வேண்டும்"

இங்கே ஒரு சின்னக் கணக்கு உதவும். ஃபோகல் லென்த்தை எஃப் எண்ணால் வகுத்தால், ஒளி நுழையும் துவாரத்தின் அகலம் கிடைக்கும். 50-ஐ 1.8-ஆல் வகுத்தால் சுமார் 28 எம்.எம். கிட் லென்ஸோடு சேர்த்தே பலர் வாங்கும் 55-250 ஜூமில் 250-ஐ 5.6-ஆல் வகுத்தால் சுமார் 45 எம்.எம். முகத்தின் அளவு இரண்டு படத்திலும் ஒன்றாக இருக்கட்டும். பின்னணி வெகு தூரத்தில் இருக்கட்டும். அப்போது அதிகம் கரைந்து தெரிவது ஜூமில் எடுத்த படம்தான். அந்த ஜூமை வாங்கிப் பெட்டியில் வைத்திருப்பவர்களே இதை நம்புவதில்லை.

நிபந்தனைகள் உண்டு. 50-இல் 2 மீட்டரில் நின்று எடுத்த அதே முகத்துக்கு 250-இல் 10 மீட்டர் தூரத்துக்குப் பின்னால் போக வேண்டும். கடற்கரையில் முடியும், வீட்டுக் கூடத்தில் முடியாது. பின்னணி ஆளை ஒட்டிய திரைச்சீலை என்றால் எஃப்/1.8-தான் ஜெயிக்கும்.

"கால்தான் ஜூம், நடந்து போய் எடு"

கேட்க வீரமாக இருக்கும். முகூர்த்த நேரத்தில் மேடையில் நின்று பார்த்தால் தெரியும். ஐயர் மேளக்காரரைப் பார்த்து விரலை உயர்த்துகிறார். கெட்டிமேளம். அட்சதை பறக்கிறது. பெண்ணுக்குப் பின்னால் அடுத்த முடிச்சுகளுக்கு நாத்தனார் தயாராக நிற்கிறார். உங்கள் இடது தோளில் வீடியோக்காரரின் முழங்கை, முதுகுக்குப் பின்னால் மேடைப் படி. கால் எங்கே போகும்? கையில் 24-70 இருந்தால் 24-இல் அட்சதை மழையையும், திருகிய கையோடு 70-இல் முடிச்சுப் போடும் விரல்களையும் எடுத்துவிடலாம். பிரைமை விட மனமில்லாத கல்யாண போட்டோகிராபர்கள் தோளுக்கு ஒன்றாக இரண்டு கேமரா மாட்டிக்கொள்கிறார்கள், ஒன்றில் 35, மற்றதில் 85. அதுவும் வழிதான், கேமராவுக்கும் சேர்த்துக் காசு இருந்தால்.

நடக்க இடம் இருக்கும்போதுகூட நடப்பதும் ஜூம் செய்வதும் ஒன்றல்ல. முன்னால் இருப்பதற்கும் பின்னால் இருப்பதற்கும் உள்ள அளவு விகிதத்தைத் தீர்மானிப்பது நீங்கள் நிற்கும் தூரம். கோபுரத்துக்கு முன் ஒரு தம்பதியை நிறுத்தி, 24-இல் கிட்டே போய் எடுத்தால் கோபுரம் பொம்மையாகச் சுருங்கும். நன்றாகப் பின்வாங்கி 135-இல் எடுத்தால் ஆட்கள் அதே அளவில் இருக்க, கோபுரம் அவர்கள் தலைக்கு மேல் எழுந்து நிற்கும். முதலில் நிற்கும் இடத்தை முடிவு செய்யுங்கள், பிறகு ஃப்ரேமுக்காக வளையத்தைத் திருகுங்கள். ஜூமைச் சோம்பேறிகளின் லென்ஸ் என்பவர்கள் இந்த வேலையைக் கணக்கில் எடுப்பதில்லை.

"இப்போதெல்லாம் ஐஎஸ்ஓ ஏற்றினால் போதும், பிரைம் எதற்கு?"

இது எதிர்க்கட்சியின் நம்பிக்கை. கிட் லென்ஸை 55-க்கு நீட்டினால் எஃப்/5.6. எஃப்/1.8 அதைவிடக் கிட்டத்தட்ட 10 மடங்கு ஒளி தரும். ஷட்டர் கணக்கில் அது 1/50-க்கும் 1/500-க்கும் உள்ள தூரம். லென்ஸில் இருக்கும் ஸ்டெபிலைசேஷன் உங்கள் கை நடுக்கத்தை மட்டுமே பிடிக்கும். பரதத்தில் தீர்மானம் ஆடும் நடனக்காரரின் கை அதற்குக் கட்டுப்படாது. மங்கிய அரங்கில் பிரைமுக்கு மாற்று எளிதில் கிடைக்காது.

ஸ்டான்லி குப்ரிக் 1975-இல் வெளியிட்ட 'பேரி லிண்டன்' படத்தின் மெழுகுவர்த்திக் காட்சிகளை, நாசாவுக்காக ஸைஸ் செய்த 50 எம்.எம். எஃப்/0.7 பிரைமில் எடுத்தார். அதே படத்தில், ஒரு முகத்தில் தொடங்கி மெல்ல மெல்ல விரிந்து முழு நிலக்காட்சியைக் காட்டும் ஜூம் காட்சிகளும் நிறைய. ஒளிப்பதிவாளர் ஜான் ஆல்காட்டுக்கு ஆஸ்கர் கிடைத்தது. பிரைம் கட்சி, ஜூம் கட்சி இரண்டுமே அந்தப் படத்தை மேற்கோள் காட்டுவது வேடிக்கை.

"50 எம்.எம். நம் கண் பார்ப்பது போலவே பார்க்கும்"

ஹென்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸான் லைக்காவில் 50-ஐ மாட்டிக்கொண்டு சுற்றியதிலிருந்து இந்தப் பேச்சுக்குத் தனி மரியாதை. அவர் கேமராவில் இருந்தது 36 எம்.எம். அகல ஃபிலிம் ஃப்ரேம். நம்மில் பலர் முதலில் வாங்கும் ஏபிஎஸ்-சி கேமராவில் சென்சார் அகலம் 22 முதல் 24 எம்.எம். வரைதான். அதில் 50-ஐ மாட்டினால் 75 அல்லது 80 போல நடந்துகொள்ளும். பத்தடி தள்ளி நின்றால் ஃப்ரேமில் விழுவது நாலரை அடி அகலம். பிறந்தநாள் கேக்கைச் சுற்றி நிற்கும் வீட்டாரில் மூன்று பேருக்கு மேல் அடங்க மாட்டார்கள். அதே இடத்தில் கிட் லென்ஸின் 18 பன்னிரண்டு அடியை வளைத்துப் பிடிக்கும்.

அதனால் ஃபிஃப்டிக்குப் பணம் கட்டும் முன், கிட் லென்ஸில் இதுவரை எடுத்தவற்றில் பிடித்த படங்களைக் கணினியில் திறந்து, ஒவ்வொன்றும் எத்தனை எம்.எம்.-இல் எடுத்தது என்று அதன் விவரப் பட்டியலில் பாருங்கள். 18-ஐ ஒட்டியே குவிந்திருந்தால் உங்களுக்குத் தேவை 24 போன்ற அகலமான பிரைம். 50-ஐத் தாண்டியே நின்றால் ஃபிஃப்டியைத் தைரியமாக வாங்கலாம். எல்லா எண்ணிலும் சிதறிக் கிடந்தால், அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து 17-50 எஃப்/2.8 போன்ற ஒரு ஜூமை செகண்ட் ஹேண்டில் தேடுங்கள். வாங்கும்போது செல்போன் டார்ச்சை அடித்து உள்ளே நூல் நூலாகப் பூஞ்சை ஓடியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.