வில்லனுக்கு எத்தனை கால்?

கண்ணு, வரும் மாதத்திலிருந்து ஞாயிறுதோறும் நாலு சிநேகிதர்களை உட்காரவைத்து விண்வெளிக் கதையாட்டம் நடத்தப்போவதாகவும், கேம் மாஸ்டர் நீதான் என்றும் எழுதியிருந்தாய். வில்லனாக எந்த வேற்றுக்கிரகவாசியை வைக்கலாம் பெரியப்பா என்று கேட்டிருந்தாய். ஒரு வரியில் பதில் போடத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. நாற்பது வருடமாக இந்த ஆட்டத்தை நடத்துகிறேன். நன்றாக நடத்தியதைவிடக் கெடுத்ததுதான் அதிகம். அந்தக் கணக்கை உன்னிடம் ஒப்படைத்துவிடுகிறேன். நீ புதிதாகக் கெடுக்கவும் நிறைய மிச்சம் இருக்கும், கவலைப்படாதே.

1. எத்தனை கால், எத்தனை கண் என்று ஆரம்பிக்காதே. அதற்கு என்ன வேண்டும் என்று ஆரம்பி. 1984ஆம் வருடக் குளிர்காலம். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் படிக்கப் போயிருந்தேன். வெளியே முழங்கால் வரை பனி, விடுதி அறைக்குள் ஐந்து பேர். என் முதல் வில்லனுக்குப் பதினோரு கண்கள். எச்சில் பட்டால் இரும்பு கரையும். கோபம் ஏற ஏறத் தோலின் நிறம் மாறும். பதினாலு பக்கம் எழுதி வைத்திருந்தேன். முதல் இரவே அதைச் சுட்டுத் தள்ளிவிட்டார்கள். "சரி, இது எதற்கு இங்கே வந்தது?" என்று ஒருவன் கேட்டான். பதினாலு பக்கத்தில் அதற்கு ஒரு வரி இல்லை. முகத்தைப் பார்த்து வருகிற பயம் பத்து நிமிடத்தில் ஆறிவிடும், கண்ணு. அதற்கு என்ன வேண்டும் என்று தெரிந்தபின் வருகிற பயம்தான் வீடு வரைக்கும் கூட வரும்.

2. அந்த ஆசை அதன் மனசாட்சிக்கு நல்லதாகவே தெரியவேண்டும். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது 'டிராவலர்' என்ற ஆட்டம். மார்க் மில்லர் வடிவமைத்தது, 1977இல் வந்தது. வெளியிட்ட சிறிய நிறுவனம் இருந்த ஊரின் பெயர் நார்மல். இல்லினாயில் உண்மையிலேயே அப்படி ஓர் ஊர் உண்டு, நாங்கள் அதை வைத்துச் செய்யாத கேலி இல்லை. அந்த ஆட்டத்தில் க்க்ரீ என்று ஓர் இனம் வரும். நாலு கால், இரண்டு கை, குதிரை உடம்பின்மேல் நிமிர்ந்த மார்பு. மந்தையாக வாழ்பவர்கள். தனியாக இருக்க முடியாது, மூடிய அறையில் மூச்சு முட்டும். அதனால் அவர்கள் கப்பல்களுக்குள்ளேயே மைதானம் போலக் கூடங்கள் இருக்கும். முழுச் சைவம். தங்கள் சமவெளியில் தங்களை வேட்டையாடிய ஊனுண்ணிகளை ஒழித்துக் கட்டியவர்கள், விண்வெளியிலும் அதே வேலையை முடிக்கவேண்டும் என்று நம்புகிறார்கள். கொடுங்கோலர்கள் இல்லை. மரியாதை தெரிந்தவர்கள், குடும்பத்துக்காக உயிரை விடுபவர்கள். அவர்களுக்குப் பூதம் நாம்தான்.

எங்கள் பாட்டி வீட்டில் முட்டை அவித்த பாத்திரம் கொல்லைப்புறத்தைத் தாண்டி உள்ளே வராது. அந்த வீட்டில் வளர்ந்த எனக்கு இந்த இனத்தைப் புரிந்துகொள்ள ஒரு நொடி போதுமாக இருந்தது. பாட்டி நல்லவள். எறும்புக்கு அரிசி மாவில் கோலம் போட்டவள். அதே பாட்டி, கறி தின்கிற வீட்டுப் பையன் திண்ணையில் உட்கார்ந்து எழுந்து போனால் தண்ணீர் ஊற்றிக் கழுவுவாள். அந்தக் கையில் ஒரு போர்க்கப்பலையும் கொடுத்தால் எப்படி இருக்கும் என்று யோசித்தேன். அன்றைக்குத்தான் எனக்கு முதல் உருப்படியான வில்லன் கிடைத்தான். பேச்சுவார்த்தைக்கு க்க்ரீ தூதர் வந்து நிற்கிற காட்சியை விவரித்துக்கொண்டிருந்தேன். எதிரில் இருந்தவன் யோசனையில்லாமல் கையிலிருந்த ஹாம்பர்கரைக் கடித்தான். அறையில் எல்லோரும் அவனையே பார்த்தோம். அவன் மெல்லுவதை நிறுத்திவிட்டான். நான் எழுதி வைத்திருந்த எந்த வசனமும் அந்த மௌனத்துக்குக் கிட்டே வராது.

3. பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார். சென்னைக்குத் திரும்பி வந்து நடத்திய ஆட்டத்தில் க்க்ரீயை ஒருவர் 'கிரிக்கெட்' என்றார். அப்புறம் மூன்று வாரத்துக்கு யாருக்கும் பயமே வரவில்லை.

4. ஓர் இனம் முழுவதையும் கெட்டதாக்குவது சுலபம். சுலபம் என்பதால்தான் சொல்கிறேன், யோசி. 1982இல் வந்த 'ஸ்டார் ஃபிரான்டியர்ஸ்' ஆட்டத்தில் சாத்தர் என்ற புழு போன்ற இனம் உண்டு. பிடிபடுவதைவிடச் சாவதே மேல் என்பவர்கள். தாய்க்கிரகம் எங்கே என்று யாருக்கும் தெரியாது. விடுமுறை மதியத்தில் சிறுவர்கள் ஆட அது போதும், நானும் ஆடியிருக்கிறேன், குறையாகச் சொல்லவில்லை. ஆனால் வாயே திறக்காத எதிரியிடம் துப்பாக்கியைத் தவிர வேறு எதற்கும் வேலை இல்லை. ஒரு வருடம் ஓடவேண்டிய தொடர் என்றால், அந்த இனத்துக்குள் சண்டை போட்டுக்கொள்ளும் இரண்டு பேரையாவது உருவாக்கு. ஒருத்தி போர் வேண்டும் என்பவள், இன்னொருத்தி வேண்டாம் என்பவள். உன் வில்லன் யார் என்பதைப் பிறகு அவர்களே முடிவு செய்வார்கள்.

5. இது எனக்குச் சொல்லக் கஷ்டமானது. வேற்றுக்கிரகவாசிக்கு இந்தப் பூமியில் வாழும் எந்த மக்களின் உடையையும் உச்சரிப்பையும் கடன் வாங்காதே. எனக்கு அப்போது இருபத்தாறு வயது, நகைச்சுவை என்று நினைத்தேன். என் கொள்ளைக்கார இனத்துக்கு ஒரு நாட்டு மக்களின் தலைப்பாகையையும் பேச்சு இழுப்பையும் வைத்துப் பேசிக் காட்டினேன், எல்லோரும் சிரித்தார்கள். ஒருவன் மட்டும் பகடையைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தான், போடவில்லை. அவன் அம்மா அந்த நாட்டுக்காரர். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் தோன்றவில்லை. அடுத்த வாரம் அவன் வரவில்லை. பரீட்சை என்று சொல்லியனுப்பினான். பரீட்சை முடிந்தும் வரவில்லை. போய் மன்னிப்புக் கேட்க எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. "பரவாயில்லை" என்றான். பரவாயில்லை என்ற சொல்லுக்கு எத்தனை அர்த்தம் உண்டு என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

ஹெச். ஜி. வெல்ஸ் 1898இல் செவ்வாய்க்காரர்களை இங்கிலாந்தின்மேல் இறக்கினார். 'தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' நாவலின் முதல் அத்தியாயத்திலேயே, டாஸ்மேனிய மக்களை ஐரோப்பியக் குடியேறிகள் அழித்ததை நினைவுபடுத்திவிட்டுத்தான் கதைக்குள் போகிறார். படையெடுத்து வருகிறவனுக்குத் தன் சொந்த நாட்டின் முகத்தைக் கொடுத்தார் அவர். நான் அடுத்தவன் முகத்தைக் கொடுத்தேன். கடன் வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் உன்னிடமே வாங்கு. உன் பிடிவாதம், உன் பொறாமை, நம் குடும்பத்தின் கௌரவம். சரக்குக்குப் பஞ்சமே இல்லை.

6. நீ கேட்டதையெல்லாம் வில்லனின் காதில் போடாதே. கேம் மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்தால் எதிரில் இருப்பவர்கள் போடும் திட்டமெல்லாம் காதில் விழும். அது உனக்குத் தெரியலாம், வில்லனுக்குத் தெரியக்கூடாது. டிராவலரில் இதற்கு அழகான ஏற்பாடு இருக்கிறது. ஒரு நட்சத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவ, தூரம் ஒரு பார்செக் ஆனாலும் ஆறு ஆனாலும், ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். ஒளியை முந்தும் வானொலி கிடையாது. செய்தி கப்பலில்தான் போகும், நம் பழைய தபால் மாதிரி. ஆகவே எத்தனை பெரிய படைத்தலைவனுக்கும் எல்லைச் செய்தி பழைய சோறாகத்தான் வந்து சேரும். நான் அந்த விதியை மதிக்காமல், ஆட்டக்காரர்கள் எங்கே போனாலும் என் வில்லனை முன்கூட்டியே அங்கே நிறுத்தினேன். கெட்டிக்கார வில்லன் என்று எனக்குள் நானே மெச்சிக்கொண்டேன். சில வாரத்தில் அவர்கள் என் முன்னால் திட்டம் போடுவதை விட்டுவிட்டு மாடிப்படிக்குப் போய்க் குசுகுசுக்க ஆரம்பித்தார்கள். என் வீட்டில், என் மேசையில், நான் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தேன். வில்லன் தப்புக்கணக்குப் போடட்டும், கண்ணு. தப்புச் செய்கிற எதிரியைத்தான் ஜெயிக்கத் தோன்றும்.

7. அதன் பலம் எங்கேயோ பலவீனமும் அங்கேயே இருக்கட்டும். வெல்ஸின் செவ்வாய்க்காரர்கள் கடைசியில் நுண்கிருமியால் செத்துப்போகிறார்கள். நாவலுக்கு அது பொருத்தமான முடிவு. உன் மேசையில் அப்படிச் செய்தால் நாலு பேரும் உன்னைச் சும்மா விடமாட்டார்கள். எட்டு மாதம் ஆடியது அவர்கள், ஜெயித்தது சளி என்றால் யாருக்குப் பொறுக்கும்?

இன்னொன்றும் இதோடு சேர்ந்தது. பலவீனம் கையில் கிடைத்ததும் ஆட்டக்காரர்கள் அதைக் கூசாமல் உபயோகிப்பார்கள். எங்கள் ஆட்டத்தில் ஒருமுறை க்க்ரீ தளபதி ஒருவனைப் பிடித்து, கப்பலின் சாமான் அறையில் தனியாகப் பூட்டிவிட்டார்கள். மந்தையைப் பிரிந்தால் அவன் உடைந்துவிடுவான், ரகசியத்தைக் கக்குவான் என்று கணக்கு. நான் தடுக்கவில்லை, திட்டவும் இல்லை. அவன் என்ன செய்கிறான் என்பதை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். முதல் நாள் கதவை உதைக்கிறான். இரண்டாம் நாள் சுவரில் உடம்பைச் சாய்த்து நிற்கிறான், பக்கத்தில் யாரோ இருப்பது மாதிரி. மூன்றாம் நாள் தன் மனைவிமார், குழந்தைகள் பெயர்களை வரிசையாகச் சொல்கிறான், முடிந்ததும் முதலிலிருந்து. அதற்குமேல் நான் ஒன்றும் சொல்லவேண்டியிருக்கவில்லை. குழுவில் எப்போதும் முதல் குண்டைச் சுடுகிறவன்தான் எழுந்து, "கதவைத் திற" என்றான். ரகசியம் அவர்களுக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. அதைப் பற்றி இன்றைக்கும் பேசிக்கொள்கிறார்கள். தளபதிக்கு வாய்க்குள் நுழையாத ஒரு பெயர் வைத்திருந்தேன், அது மட்டும் ஒருவருக்கும் நினைவில்லை.

8. உன் வில்லன்மேல் உனக்கே ஆசை வந்துவிடும். வரும்போது ஜாக்கிரதை. வெகுநாள் மெருகேற்றி வைத்திருந்த ஒருவனை மூன்றாவது செஷனிலேயே ஒரு பெண் சுட்டாள். இரண்டு பகடையிலும் ஆறு விழுந்தது. பன்னிரண்டு. அதற்குமேல் இரண்டு பகடையில் எண்ணே கிடையாது. நான் என்ன செய்தேன் தெரியுமா? "தப்பிக்கும் கூண்டில் ஏறிவிட்டான்" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. பகடையை எடுத்து டப்பாவுக்குள் போட்டாள், அவ்வளவுதான். பொய் சொல்லி ஒரு வில்லனைக் காப்பாற்றினேன், அதற்கு விலையாக அந்தப் பெண்ணின் ஆறு வார உற்சாகம் போயிற்று. சாகவேண்டியவன் சாகட்டும். அவன் நாற்காலிக்கு இன்னொருத்தன் வருவான், அவன் வேறு மாதிரி இருப்பான், உனக்கும் ஒரு புதுமை.

9. பயமுறுத்தும் முன் கேட்டுவிடு. 1979இல் வந்த 'ஏலியன்' படத்தைப் பார்த்தவர்கள் எல்லோருக்கும் உடம்புக்குள் வளர்ந்து நெஞ்சைப் பிளந்துகொண்டு வரும் உயிரியை வைக்க ஆசை. அறுவைச் சிகிச்சை முடிந்து தையல் ஆறாமல் வந்து உட்கார்ந்திருப்பவருக்கு அது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியாது. ஜான் ஸ்டாவ்ரோபௌலோஸ் என்பவர் எளிய வழி ஒன்று கொடுத்திருக்கிறார். எக்ஸ் எழுதிய அட்டையை மேசை நடுவில் வைத்துவிடுவது. யாராவது அதைத் தொட்டால் அந்தக் காட்சியை விட்டுவிடவேண்டும், காரணம் கேட்கக்கூடாது. எங்கள் காலத்தில் இது இல்லை. கேட்கிற பழக்கமும் எங்களிடம் இல்லை.

10. பரணில் பச்சை டிரங்குப் பெட்டிக்குள் என் டிராவலர் இருக்கிறது. மூன்று சின்னக் கறுப்புப் புத்தகங்கள், அதோடு 1984இல் வந்த க்க்ரீ புத்தகம். இரண்டாவது புத்தகத்தில் காபிக் கறை இருக்கும், கப்பல் கட்டும் கணக்கைப் படிக்கச் சற்றுச் சிரமப்படுவாய். எல்லாம் உனக்கு. பெரியம்மாவிடம் சொல்லிவிட்டேன், ஏணியை யாராவது பிடித்துக்கொள்ளட்டும். முதல் ஞாயிறன்று உன் சிநேகிதர்கள் சிக்கன் பஃப்ஸ் வாங்கி வந்தால் வேண்டாம் என்று சொல்லாதே. தட்டில் எடுத்து வை, தக்காளி சாஸும் கொடு. அவர்கள் முதல் வாய் கடிக்கிறபோது தூதரை உள்ளே வரவிடு.