சிலைக்குப் புளி போடலாமா?

மாணவர்களே, தீபாவளிக்கு முன் வீட்டுக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்திருப்பீர்கள். கறுப்பு நீங்கி விளக்கு பளபளக்கும். அருங்காட்சியகச் சிலைகளை மட்டும் ஏன் அப்படித் தேய்ப்பதில்லை?

புந்தோங்கிற்குத் தெற்கே, நம் பேராக் மாநிலத்தின் பீடோரில், 1936இல் ஓர் ஈயச் சுரங்கத்தில் வெண்கலச் சிலை ஒன்று கிடைத்தது. எட்டுக் கைகளுடன் நிற்கும் அவலோகிதேஸ்வரர் அவர். பௌத்தர்கள் கருணையின் வடிவாக வணங்குபவர். உயரம் ஏறக்குறைய 79 சென்டிமீட்டர். இன்று கோலாலம்பூர் தேசிய அருங்காட்சியகத்தில் இச்சிலையைக் காணலாம்.

வெண்கலம் ஓர் உலோகக் கலவை. செம்புடன் வெள்ளீயம், அதாவது நாம் தீமா என்று சொல்லும் ஈயம், சேர்ந்தது. இரண்டின் அணுக்களும் வெவ்வேறு அளவுடையவை. அதனால் அணு அடுக்குகள் எளிதில் வழுக்குவதில்லை. கலவை செம்பைவிடக் கடினமாகிறது. செம்பு உருக 1085 டிகிரி செல்சியஸ் வேண்டும். வெள்ளீயம் சேர்ந்தால் அதைவிடக் குறைந்த வெப்பத்திலேயே உருகும், வார்ப்பதும் எளிது.

ஈயச் சுரங்கத்தில் கிடைத்ததால், சிலையும் பேராக் ஈயத்தில்தான் செய்யப்பட்டது என்று சொல்லலாமா? கூடாது. கிடைத்த இடம் வேறு, செய்த இடம் வேறாக இருக்கலாம். உலோகத்தை ஆராய்ந்துதான் சொல்ல வேண்டும்.

இங்கேதான் புளி வில்லனாகிறது. செம்பு காற்று, ஈரம், கரியமில வாயு ஆகியவற்றுடன் வினைபுரிந்து பச்சை நிறக் களிம்பு உண்டாகிறது. பல நூற்றாண்டுகளாகப் படிந்த களிம்பு, அந்தப் பொருள் எப்படிப்பட்ட மண்ணில், எவ்வாறு கிடந்தது என்பதற்குச் சான்று. உறுதியாகப் படிந்த களிம்பு உள்ளே இருக்கும் உலோகத்தையும் காக்கும். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் அதைக் கரைத்துவிடும். அழுக்கோடு வரலாறும் போய்விடும்!

இஸ்லாமியக் கலையில் புகழ்பெற்ற, வெள்ளி இழை பதித்த பித்தளைப் பாத்திரங்களுக்கும் இதே கதிதான். தேய்க்கத் தேய்க்க, நுண்ணிய எழுத்துகள் மழுங்கும்.

ஆகவே, மண்ணில் பழைய பொருள் ஏதேனும் கண்டால் கழுவாதீர்கள், தேய்க்காதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு, பெரியவர்கள் மூலம் மாவட்ட அலுவலகத்திற்குத் தெரிவியுங்கள். 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டமும் தெரிவிக்கத்தான் சொல்கிறது.

செய்து பாருங்கள்: நிறம் மங்கிய செம்புக் கம்பித் துண்டு ஒன்றின் பாதியை மட்டும் புளிக்கரைசலில் 10 நிமிடம் வையுங்கள். எந்தப் பாதி அழகு? எந்தப் பாதி தன் கதையைச் சொல்கிறது?