சம்பின் புரி போனால் எந்த வழி?

முற்றத்து மணலில், ஹொண்டா எம்.டி. 90 மோட்டார் சைக்கிள் நின்ற இடத்தில், ரூபாய்க் குற்றியளவு கறுப்புப் பொட்டு. அடுத்த நாள் அது உள்ளங்கையளவு. ஸ்பனரைப் போட்டு இறுக்கினால் போல்ட் இறுகாமல் சும்மா சுற்றுகிறது. எஞ்சினின் அடியில் ஒயில் தேங்கும் சம்பில், ஒயில் இறக்கும் ஓட்டையின் புரி போய்விட்டது.

தீவகத்துக் கரம்பொன் போன்ற ஊரில் இது நடக்கக் காரணங்கள் நிறைய உண்டு. யாழ்ப்பாணம் போய்வருவதென்றால் கடலுக்கு நடுவே போகும் பண்ணைப் பாலத்தின் உப்புக் காற்றுக்குள்ளால்தான் ஓடவேண்டும். இரும்பு போல்ட்டும் அலுமினியமும் தொடும் இடத்தில் உப்பீரம் இறங்கினால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரித்து, போல்ட்டை இறுகப் பிடித்துக்கொள்ளும். பலங்கொண்டு திருப்பும்போது போல்ட் புரியையும் உரித்துக்கொண்டு வரும்.

பழைய பிரித்தானியக் கார்கள் பட்ட பாடு வேறு. 1990க்குப் பிறகு பெற்றோல் தடைப்பட்ட ஆண்டுகளில் யாழ் குடாநாட்டின் மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும் மண்ணெண்ணெயில் ஓடின. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டிக் கீழிறங்கி ஒயிலை நீர்க்கச் செய்யும். ஒயிலை அடிக்கடி மாற்றவேண்டி வரும், ஒவ்வொரு தடவையும் புரி கொஞ்சம் தேயும். அந்தக் கார்களின் புரி அங்குல அளவு; அதற்குள் மில்லிமீற்றர் போல்ட்டைத் திணித்தால் ஒரே இறுக்கில் புரி நாசமாகும்.

திருத்துவதற்கு வழிகள் பல இருக்கின்றன. விலையை மட்டும் பார்த்துத் தெரிவுசெய்வதுதான் பெரும் பிழை. ஓட்டையைச் சுற்றியிருக்கும் உலோகம் அளவானது. ஒவ்வொரு திருத்தமும் அதில் ஒரு பங்கைத் தின்னும். எது குறைவாகத் தின்னும், இது தவறினால் அடுத்த வழிக்கு இடம் மிச்சமிருக்குமா என்று முதலில் கேளுங்கள்.

உலோகத்தைத் தொடாத சோதனைகள் இரண்டு. கழற்றிய போல்ட்டைத் துடைத்துப் பாருங்கள். அதன் புரியில் வெள்ளிக் கம்பிபோல் அலுமினிய இழை சுற்றியிருந்தால் ஓட்டைதான் போயிருக்கிறது. போல்ட்டின் புரியே மழுங்கியிருந்தால் புதிய போல்ட்டும் புதிய வொஷரும் போதும். அடுத்தது ஆழம். சில ஓட்டைகளில் வாய்ப்பக்கப் புரி போயிருக்க, உள்ளே நான்கைந்து சுற்று நன்றாக இருக்கும். அதே புரியில் சற்று நீளமான போல்ட் அதைப் பிடித்துக்கொள்ளும். நுனி உள்ளே எதிலும் முட்டாமல் இருந்தால் சரி.

இரண்டும் சரிவராவிட்டால், காந்தத்தை வைத்துப் பாருங்கள். சம்ப் இரும்பா அலுமினியமா என்பதைப் பொறுத்துப் பாதை பிரியும்.

மொறிஸ் மைனரின் சம்ப் இரும்புத் தகடு. இதற்கு நான் தயங்காமல் சொல்வது, சம்பைக் கழற்றிப் புதிய நட் ஒன்றை வெல்ட் பண்ணுவதுதான். தகட்டை மண்ணெண்ணெயாலும் பிறகு சவர்க்கார நீராலும் கழுவி, நன்றாகக் காயவைத்த பின்தான் நெருப்பு. ஒயில் ஊறிய இரும்பில் வெல்டிங் பிடிக்காது, தீயும் பற்றும். வேலை முடிந்ததும் கஸ்கற் உட்காரும் விளிம்பைக் கண்ணாடித் தட்டில் கவிழ்த்து, வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். வெல்டிங்கின் வெளிப்பக்கம் சோக்கட்டியால் பூசி, உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி ஓரிரவு விடுங்கள். ஊசித்துளை இருந்தாலும் சோக்கில் ஈரம் காட்டிவிடும். அரை நாள் வேலைதான், ஆனால் அந்தக் கார் இருக்கும் வரைக்கும் போதும்.

அலுமினியத்தில்தான் யோசிக்கவேண்டும். பழைய ஹொண்டா மோட்டார் சைக்கிள்களின் ஒயில் போல்ட் 12 மில்லிமீற்றர், புரி இடைவெளி 1.5, தலைக்கு 17 ஸ்பனர். கடைக்காரர் முதலில் நீட்டுவது தானே புரி வெட்டிக்கொண்டு போகும் பெரிய போல்ட். மலிவு, பத்து நிமிட வேலை. ஆனால் அது நேராக இறங்குமென்று உறுதியில்லை. சரிந்து இறங்கினால் வொஷர் ஒரு பக்கம் மட்டும் உட்காரும், ஒழுக்கு நிற்காது. மெல்லிய வார்ப்பில் வெடிப்பும் விழலாம். என் சைக்கிளுக்கு ஒரு கராச்சில் இதைப் போட்டார்கள். இரண்டாவது முறை ஒயில் மாற்றும்போது ஓட்டையின் விளிம்பு கீறிவிட்டது. அதன் பிறகு நான் இதை யாருக்கும் சொல்வதில்லை.

இரண்டாவது வழி, 14 மில்லிமீற்றருக்கு முறையாகப் புரி வெட்டுவது. 12.5 துளைப்பானால் பெருப்பித்து, புரி வெட்டும் கருவியான ரப்பை நேராக இறக்க வேண்டும். சுசுக்கி, ஹொண்டா கார்களுக்கு வரும் 14 போல்ட் இதற்குப் பொருந்தும், தேடி அலையத் தேவையில்லை.

மூன்றாவது, ஹெலிக்கொயில் என்னும் கறளேறா உருக்குக் கம்பிச் சுருள். பலர் இதைக் கூடுதல் உலோகம் தின்னும் வேலை என்று நினைக்கிறார்கள். கணக்குப் பார்த்தால் அப்படியில்லை. 12 போல்ட்டுக்குரிய சுருளுக்குத் துளை ஏறத்தாழ 12.4, அதற்கு வெட்டும் புரியின் வெளிவிட்டம் 14க்குக் கிட்ட. இரண்டும் தின்னும் உலோகம் ஒரே அளவு. ஆனால் 14க்கு வெட்டினால் மிஞ்சுவது மீண்டும் அலுமினியப் புரி. சுருள் போட்டால் உருக்குப் புரி, பழைய போல்ட்டும் அப்படியே. அதனால் சுருளுக்கே என் வாக்கு. சுருளின் அடியில் இருக்கும் சிறு நாக்கை உடைத்து வெளியே எடுக்க மறக்கவேண்டாம். சுருளுக்குப் பதிலாகத் திண்ணமான உருக்குக் குழலை இறக்கும் முறையும் உண்டு. அது இன்னும் உறுதி, விலையும் கூட, சுற்றிலும் தடித்த உலோகம் வேண்டும்.

எந்த வழியானாலும் வெட்டும்போது உள்ளே விழும் உலோகச் சீவலுக்குப் பயப்படுங்கள். எம்.டி. 90 போன்ற சைக்கிளில் கடதாசி ஃபில்ரர் கிடையாது. கம்பிவலையும், சுழன்று தூசு பிரிக்கும் கிண்ணமுமே காவல். ரப்பின் பள்ளங்களில் கிறீஸ் நிரப்பி, அரைச் சுற்றுக்கு ஒருதரம் கழற்றித் துடைத்து வெட்டுங்கள். முடிந்ததும் மலிவான ஒயில் ஒரு கோப்பை மேலிருந்து ஊற்றி, கீழே வெள்ளைத் துணியில் பிடித்துப் பாருங்கள். துணியில் மினுக்கம் தெரியாமல் போகும்வரை ஊற்றுங்கள்.

ரெஃப்லோன் ரேப், இரட்டைப் பசை, ரப்பர் அடைப்பு எல்லாம் வீடு வந்து சேர மட்டும். சூடேறிய எஞ்சினை அவற்றை நம்பி ஓட்டக்கூடாது. அலுமினியத்தை ஆர்கன் வெல்டிங்கால் நிரப்பித் திரும்பத் துளைப்பது, விளிம்பு கீறிய பின் எஞ்சும் வழி. நானும் அங்கேதான் போய் நின்றேன். பழைய சம்பொன்றை வாங்கி மாற்றுவது நல்லதுதான். ஆனால் 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அந்த இடைக்காலத்தில் எல்லோரும் பழையதையே வைத்து ஓட்டியதால், கழற்றி விற்கும் சாமானும் தேய்ந்ததாகவே இருக்கலாம். வாங்குமுன் உங்கள் போல்ட்டைக் கையால் பூட்டிப் பாருங்கள்.

நெடுந்தீவுக்காரருக்கு மட்டும் ஒரு சொல். வாகனத்தைப் படகில் குறிகட்டுவான் துறைக்கு ஏற்றி இறக்குவது பெரும்பாடு. கார் என்றால் சம்பை மட்டும் கழற்றிச் சாக்கில் சுற்றிப் படகில் அனுப்புங்கள். சைக்கிள் என்றால் சுருளும் அதற்குரிய ரப்பும் உள்ள பெட்டியொன்றை நாலைந்து பேர் சேர்ந்து வாங்கி வைக்கலாம். போல்ட்டை ஸ்பனர் தொடாமல் விரலால் நாலு சுற்று ஏற்றி, புதிய வொஷரோடு, 25 முதல் 30 நியூட்டன் மீற்றருக்குள் நிறுத்துகிறவர் வீட்டில் அந்தப் பெட்டி இருக்கட்டும்.