பாய்க்கப்பலின் கயிறுகள்

இலங்கை வல்வெட்டித்துறையில் தமிழர் கட்டிய 'அன்னபூரணி' என்னும் இருபாய்மரக் கப்பல், தமிழ் மாலுமியருடன் 1938-இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. கடலுக்கு நெடுந்தொலைவிலுள்ள சேலம், நாமக்கல் மாணவரும் அதன் சிற்றுருவை அமைத்தல் கூடும்.

எட்டடியை ஓரங்குலமாகச் சுருக்கின், ஏறத்தாழ 90 அடி நீண்ட அக்கப்பல் 11 அங்குலமாகும். கயிறுகளும் அவ்வளவிற்கேற்ப மெலிதல் வேண்டும்.

பாய்மரத்தை அசையாது தாங்குவன ஒருவகைக் கயிறுகள். இவை கீல் பூசப்பெறுதலின் கருநூலால் அமைக்க. பாயை ஏற்றவும் இறக்கவும் திருப்பவும் உதவுவன மற்றொரு வகை. இவற்றிற்குப் பழுப்புநூல் பொருந்தும். தேன்மெழுகு தடவின் நூலின் பிசிர் அடங்கும். ஒருபுறமே இறுக்கின் மரம் சாயும். ஆதலின் இருபுறமும் மாறிமாறிக் கட்டுக.

நடுக்கடலில் மாலுமியர் தம் உயிரை ஒப்படைத்தது இக்கயிறுகளிடமே. மாணவர்களே! ஒவ்வொன்றின் தொழிலையும் அறிந்த பின்னரே முடிச்சிடுக.