உருவ ஓவியர் சின்னரி

சித்தன்னவாசல் குகைக்கோயிலின் தூணொன்றில் ஓர் அரசனும் அரசியும் ஓவியமாக நிற்கின்றனர். அவர் யாவர் என்பதில் அறிஞர்க்குள் ஒருமை இல்லை. முகம் நின்றது, பெயர் போயிற்று. பெயரும் வரலாறும் நிலைத்த ஓவியம் ஒன்றுண்டு, மாணவர்களே. அது சென்னையில் எழுந்தது.

இலண்டனில் 1774-இல் பிறந்த ஜார்ஜ் சின்னரி, பொருள் நாடி 1802-இல் கடல் கடந்து சென்னைக்கு வந்தார். அவர் ஈண்டுத் தீட்டியவற்றுள் 1805-இல் வரைந்த இரு சிறார் உருவமே தலையாயது என்பேன். ஐதராபாத்தில் ஆங்கிலேயரின் பேராளராயிருந்த கர்க்பாட்ரிக்குக்கும், அந்நகரத்து உயர்குடி மங்கை கயருன்னிசாவுக்கும் பிறந்த மக்கள் அவர்கள். மகனுக்கு வயது நான்கு, மகளுக்கு மூன்று. கல்வியின் பொருட்டு அவர்களை இங்கிலாந்துக்குக் கப்பலேற்றுமுன், ஐதராபாத்து உடையிலேயே தீட்டுவித்தனர். கல்வி நன்றே, ஆயினும் அது தாயைப் பிரியும் வயதன்று. அவ்வாண்டே தந்தை இறந்தார். மக்களை மீண்டும் காணாமலே 1813-இல் தாயும் மறைந்தார்.

ஓவியமோ, ஐதராபாத்தில் தந்தையின் கீழ்ப் பணிபுரிந்த ஹென்றி ரசலிடம் சேர்ந்தது. பல்லாண்டுகட்குப் பின், இங்கிலாந்தில் அவர் இல்லம் சென்ற மகள், சுவரில் தன்னையும் தமையனையும் கண்டு விம்மி அழுதார்.

1807-இல் வங்காளம் சென்ற சின்னரி, கடன் மிகுந்தமையால் 1825-இல் சீனக் கரையிலுள்ள மக்காவுக்கு அகன்றார். காண்டன் நகரத்துச் சீன ஓவியர் லாம்குவா அவர் முறையில் உருவங்கள் தீட்டிப் புகழ்பெற்றார். சின்னரி தாயகம் மீளவேயில்லை. 1852-இல் மக்காவிலேயே காலமானார்.