கண் கேட்டவருக்குக் கோல்

திருநெல்வேலி,
யாழ்ப்பாணம்.
ஐப்பசி 2025.

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் நீளம், கேள்வி ஒன்றுதான். அம்மா 29 வருடமாக, காணாமல் ஆக்கப்பட்ட தன் தம்பிக்காக வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிறாள், கடவுள் ஒரு சொல்லாவது திருப்பிச் சொன்னாரா என்று கேட்டிருக்கிறாய். செம்மணிப் புதைகுழியில் எடுத்த பொருட்களைப் போனில் பார்த்த பிறகும் அவள் நிறுத்தவில்லை, 'இனிக் காணும் அம்மா' என்று சொல்லவா என்றும் கேட்கிறாய்.

சொல்லாதே. ஏன் என்பதை ஆறுதலாக எழுதுகிறேன். அவன் உனக்கு நீ காணாத மாமா. எனக்கு, இடுப்பில் தூக்கித் திரிந்த தம்பி. அதனால் சைவசமயம் படிப்பித்த ரீச்சரின் பதில் இது என்று எடுத்துக்கொள்ளாதே. அந்த ரீச்சரிடம் பதில்கள் நிறைய இருந்தன. அவற்றில் பாதியை நான் இப்போது வாயில் எடுப்பதில்லை.

ரொறன்ரோவில் கோயிலுக்கு வருகிறவர்கள் உனக்குச் சொன்ன விளக்கங்களை முதலில் தள்ளிவை. முற்பிறப்பு வினை என்றாராம் ஒருவர். கடவுள் சோதிக்கிறார் என்றாராம் இன்னொருவர். எங்கேயோ ஒரு நேர்த்தி குறையாய் நிற்கிறது என்றாவாம் மற்றவ. சொல்கிறவருக்கு இதில் ஓர் ஆறுதல் இருக்கிறது, காரணம் தெரிந்தால் தன் வீட்டுக்கு அது வராது என்ற ஆறுதல். 1995 ஐப்பசிக் கடைசியில் வலிகாமம் முழுதும் தென்மராட்சிக்கு நடந்து, அடுத்த வருடம் திரும்பி வந்தோம். வந்த அந்த 1996இல் மட்டும் யாழ்ப்பாணத்தில் காணாமல் ஆக்கப்பட்டவர்கள் நூற்றுக்கணக்கில். அத்தனை வீட்டிலுமா நேர்த்தி குறை? அந்தத் தாய்மார் நல்லூரில் அடியழித்தார்கள், கற்பூரச்சட்டி எடுத்தார்கள், சந்நிதிக்கு நடந்தார்கள், வள்ளமேறி நயினாதீவுக்குப் போனார்கள். கத்தோலிக்கத் தாய்மார் மடுமாதாவிடம் கேட்டார்கள். அவர்களைவிட வடிவாகக் கும்பிட்டவர்களை நான் கண்டதில்லை.

சாத்திரிமார் கதை இதைவிட மோசம். 'தெற்கே ஒரு இடத்தில் உயிரோடு இருக்கிறான், தை பிறக்க வருவான்.' எத்தனை தை பிறந்தது! உன் அம்மம்மாவின் பதக்கச் சங்கிலி அந்த வழியில்தான் போனது. கடவுள் பேசவில்லையே என்று குறைப்படுகிறாய். பேசாததை அவர் பேரில் பேசிக் காசு வாங்கினவர்கள் மேல்தான் எனக்குக் கோபம் அதிகம்.

செம்மணியைப் பற்றிக் கேட்டாய். நீ பிறப்பதற்கு முந்தின கதை என்பதால் கொஞ்சம் விரித்து எழுதவேண்டும். 1996 புரட்டாதியில் சுண்டுக்குளி மகளிர் கல்லூரி மாணவி கிருஷாந்தி குமாரசுவாமி பரீட்சை எழுதிவிட்டு வரும் வழியில் செம்மணிச் சோதனைச்சாவடியில் மறிக்கப்பட்டாள். தேடிப்போன தாய், தம்பி, அயலவர் மூவரும் திரும்பவில்லை. நாலு பேரும் கொல்லப்பட்டிருந்தார்கள். 1998இல் கொழும்பு மேல் நீதிமன்றம் படையினருக்குத் தண்டனை கொடுத்தபோது, குற்றவாளிகளில் ஒருவன் எழும்பி, செம்மணியில் இன்னும் நூற்றுக்கணக்கானோரைப் புதைத்திருக்கிறது என்றான். 1999இல் தோண்டி 15 பேரின் எச்சங்களை எடுத்தார்கள். பிறகு பேச்சில்லை. இந்த வருடம் மாசி மாதம் அரியாலை சித்துப்பாத்தி மயானத்தில் கட்டட வேலைக்கு நிலத்தை வெட்ட, எலும்பு வந்தது. நீதிமன்ற மேற்பார்வையில் தொடர்ந்து தோண்டி, புரட்டாதிக்குள் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள். குழந்தைகளுடையதும் அதற்குள்.

ஆவணி 5ஆம் திகதி பொருட்களைச் சனங்கள் பார்க்க வைத்தார்கள். பள்ளிக்கூடப் பை, செருப்பு, வளையல், பொம்மை. அப்போது நல்லூரில் கொடி ஏறியிருந்த நேரம். காலமை அரோகரா சொன்ன வாயோடு பின்னேரம் அங்கே போய் நின்றவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் இரண்டு இடத்துக்கும் ஒரே மனதோடுதான் போனார்கள். வெளியே இருந்து பார்க்கிற உனக்கு அது முரணாகத் தெரிகிறது.

நிலம் வாய் திறந்தது கடவுள் செயல் என்று இங்கே சிலர் சொல்கிறார்கள். நான் சொல்லமாட்டேன். இதுதான் பதில் என்றால் இவ்வளவு காலம் கேட்டவர்களுக்கு இதைவிடக் கொடிய பதில் வேறில்லை. மனிதர் செய்ததை மனிதரிடம்தான் கேட்கவேண்டும். அதைக் கடவுளின் கணக்கில் எழுதினால் செய்தவனுக்குத்தான் வசதி.

சரி, அப்படியானால் எதை நம்பச் சொல்கிறேன் என்று கேட்பாய்.

பெரியபுராணத்தில் திலகவதியாரை உனக்கு ஞாபகம் இருக்கும், சின்னனில் நான்தான் சொல்லித்தந்தேன். அப்பரின் அக்கா. தம்பி சமணத்துக்குப் போய்விட்டான் என்று திருவதிகையில் அழுது வேண்டினார், தம்பிக்குச் சூலை நோய் வந்தது, நோயோடு அக்காவிடம் திரும்பி வந்தார். பிரார்த்தனை பலித்த கதை என்று மேடையில் சொல்வார்கள். மேடைக்காரர் விரைவாகத் தாண்டிப்போகும் ஒரு இடம் அதற்கு முன்னம் இருக்கிறது. திலகவதியாருக்கு நிச்சயித்த கலிப்பகையார் சேனைத்தலைவர், வடக்கே போருக்குப் போனார். அவர் போயிருந்த காலத்தில் திலகவதியாரின் தகப்பன் இறந்தார், தாயும் போனார். பிறகு கலிப்பகையாரும் போரில் இறந்த செய்தி வந்தது. அவர் திரும்பி வரவேண்டும் என்று அந்தப் பிள்ளை ஒரு நாளாவது வேண்டாமலா இருந்திருக்கும்? அந்த வேண்டுதல் என்ன ஆனது? சேக்கிழார் அதற்கு விளக்கம் சொல்லவில்லை. சோதனை என்றோ வினை என்றோ சமாளிக்கவில்லை. சாகத் துணிந்தவர் தம்பிக்காக உயிர் தரித்தார், கோயில் கூட்டினார், மெழுகினார், மாலை கட்டினார் என்று மட்டும் சொல்கிறார். ஒரே வீட்டில், ஒரே பெண்ணின் வாழ்வில், ஒன்று கிடைத்தது, ஒன்று கிடைக்கவில்லை. நான் வகுப்பில் படிப்பித்த காலத்தில் இந்த இடத்தில் கேள்வி கேட்ட பிள்ளைகளை எனக்கு நிரம்பப் பிடிக்கும்.

சுந்தரர் கதையும் அப்படித்தான். இரண்டு கண்ணும் போய், தடவித் தடவித் திருவெண்பாக்கத்துக்கு வந்து, நீ இங்கேதான் இருக்கிறாயா என்று கேட்டார். உள்ளே இருப்பதாக ஒரு குரல் வந்தது. கண் வரவில்லை. ஊன்றுகோல் ஒன்றுதான் கிடைத்தது. கண் கேட்டவருக்குக் கோல்! கோபத்தில் அதை எறிந்தார், நந்தியின் கொம்பு உடைந்தது என்று அந்த ஊர்த் தலபுராணம் சொல்கிறது. எறிந்ததற்காகச் சிவன் கோபித்ததாக ஒரு கதையும் இல்லை. அவர் திட்டிக்கொண்டே நடந்தார், காஞ்சியில் ஒரு கண், திருவாரூரில் மற்றக் கண். இதை அளவோடு எடுத்துக்கொள். சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறியதால் அவர் கண் போனது, எங்கள் வீட்டில் யாரும் அப்படி ஒன்றும் செய்யவில்லை. எங்களுக்குத் திருவாரூர் வருமோ தெரியாது. ஆனால் வெண்பாக்கம் எனக்கு வடிவாகத் தெரிந்த ஊர். கேட்டது கிடைக்காமல், அடுத்த அடி வைக்க ஏதோ ஒன்று மட்டும் கையில் கிடைக்கிற இடம் அது. உன் அம்மாவும் நானும் அங்கேதான் இருக்கிறோம்.

நீயும் கோபப்படு. எனக்கு எழுதிய அதே வசனங்களைக் கடவுளிடமே போய்ச் சொல். சைவத்தில் அதற்கு இடம் இருக்கிறது. பக்தி குறைந்துபோகும் என்று பயந்து வாயைக் கட்டிக்கொண்டு, வெளியே வந்து அம்மாவிடம் எரிந்து விழாதே.

எங்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கம்பஸ் வளவுக்குள் பரமேஸ்வரன் கோயில் இருக்கிறதல்லவா, சேர் பொன். இராமநாதன் 1921இல் பரமேஸ்வராக் கல்லூரி தொடங்கிய இடம். பிரதோஷத்துக்கு முடிந்தால் போவேன். கேட்கிறதுக்கு இப்போது ஒன்றும் கொண்டுபோவதில்லை. கேட்டது அவருக்குத் தெரியும். நல்லூர்த் தேரடியில் இருந்த செல்லப்பா சுவாமியை ஊர் பைத்தியம் என்றது, வரம் கேட்டு வந்தவர்களை அவர் ஏசிக் கலைத்தார் என்று சொல்வார்கள். நமக்கொன்றும் தெரியாது என்பதை அவர் ஓர் உபதேசமாகவே தந்துவிட்டுப் போனார். சின்ன வயதில் அது எனக்குத் தட்டிக்கழிக்கிற கதையாகப் பட்டது. இப்போது, தெரிந்ததாகச் சொல்கிறவர்களைக் கேட்டுக் கேட்டுச் சலித்த காதுக்கு அது ஒன்றுதான் பொய்யில்லாமல் கேட்கிறது.

அம்மாவின் விஷயத்துக்கு வருகிறேன். அவள் கடவுளை நம்புகிறாள் என்று நீ எழுதுகிறபோது, தம்பி வருவான் என்று நம்புகிறாள் என்ற கருத்தில் எழுதுகிறாய். தொடக்கத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. எப்போது பிரிந்தன என்று அவளுக்கே தெரியாது. போன வருடம் வந்து நின்றபோது தலங்காவல் பிள்ளையாரில் அர்ச்சனைத் துண்டு எடுத்தாள், அவன் பெயரும் நட்சத்திரமும் சொல்லி. செத்தவர் பேரில் அர்ச்சனை செய்கிற வழக்கமில்லை. இருக்கிறவர் என்றால் எங்கே என்று சொல்லவேண்டும். ஐயர் ஒன்றும் கேட்கவில்லை, நல்ல மனுஷன். வெளியே வந்து என்னிடம் சொன்னாள்: "அக்கா, வருவான் எண்டு நான் இப்ப நினைக்கிறேல்லை. அவன்ரை பேரை ஆராவது ஒருக்கால் சத்தமாச் சொல்லவேணும்." இதை நிறுத்தச் சொல்ல உனக்கும் எனக்கும் என்ன உரிமை?

அதேபோல, 'மாமா வருவார் அம்மா' என்றும் சொல்லாதே. அவளுக்கு அது தேவையில்லை, உனக்கும் நம்பிக்கையில்லை, பொய் சொல்லிப் பக்தியைக் காப்பாற்றவேண்டிய அவசியம் கடவுளுக்குமில்லை.

கீரிமலையில் அந்தியேட்டி செய்துவிட்டால் மனம் ஆறும் என்று உன் அப்பா சொல்கிறாராம். அவர் நல்லதைத்தான் நினைக்கிறார். ஆனால் அதைச் செய்கிற கை அவனைச் சாகக் கொடுத்த கையாக அவளுக்குத் தெரியும். உன் அம்மம்மா கண் மூடும் வரை சம்மதிக்கவில்லை. உன் அம்மா தானாகச் சொல்லும் நாள் வந்தால் வரட்டும், வராவிட்டால் குற்றமில்லை. மரணச் சான்றிதழ் எடுக்காமல் காணாமல் போனவர் என்ற சான்றிதழ் எடுக்க 2016இல் சட்டம் வந்திருக்கிறது. அரசாங்கமே அந்த இடைநிலையை ஒப்புக்கொண்ட பிறகு சொந்தக்காரர் அவசரப்பட என்ன இருக்கிறது?

நம்புகிறவர் சும்மா இருப்பார் என்றும் எண்ணாதே. கிளிநொச்சியில் தாய்மார் 2017 மாசி 20ஆம் திகதி போராட்டத்தில் குந்தியது கந்தசாமி கோயில் வாசலில். பிள்ளைகளின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வருடக்கணக்காக இருந்தார்கள், எத்தனையோ பேர் பதில் தெரியாமலே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கோயிலை முதுகுக்குப் பின்னால் வைத்து வீதியைப் பார்த்து இருந்த அவர்களின் பக்தியை, வீட்டுக்குள் இருந்து 'எல்லாம் அவன் செயல்' என்கிறவர்களின் பக்தியோடு நான் சேர்த்து எண்ணமாட்டேன்.

ஆகையால் உனக்கு ஒரு வேலை தருகிறேன். தோண்டியதை அடையாளம் காண உறவினர் சொல்கிற விபரமும் மரபணுச் சோதனையும் வேண்டிவரும். இரத்தம் கேட்டால் நான் இங்கே கொடுப்பேன், கூடப்பிறந்தவள் ஒருத்தி இங்கே இருப்பது அதற்காவது உதவட்டும். விபரத்தில்தான் குறை இருக்கிறது. காணாமல் போன அன்று அவன் கட்டம் போட்ட சேட்டுப் போட்டிருந்தான் என்று நான் சொல்கிறேன், அம்மா கோடு போட்டது என்பாள். தைத்தவள் அவள்தான், அவள் சொல்வது சரியாக இருக்கும். பொத்தான் என்ன நிறம், பின்னேரம் போட்டுக்கொண்டு போனது பாட்டாச் செருப்பா சப்பாத்தா, சின்னனில் மதிலால் விழுந்து முறிந்தது எந்தக் கை, பல் பிடுங்கியது மேலா கீழா, எல்லாம் கேட்டு எழுது. அவள் ஒன்றுக்கு இரண்டு முறை மாற்றிச் சொன்னால் இரண்டையும் எழுது. அவனைப் பற்றி உன்னிடம் அவள் இவ்வளவு காலமும் வாய் திறந்து கதைக்காததற்கு நீ கேட்காததும் ஒரு காரணம், ஏசவில்லை, சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை வேலையால் வந்து அவளோடு கூட இரு. உனக்குக் கும்பிட மனமில்லாவிட்டால் கும்பிடாதே, திரியைத் தூண்டிவிட்டாலே காணும். கேட்கிறதை விளக்கு வைத்து முடிந்த பிறகு கேள், முன்னம் கேட்டால் அன்றைக்குச் சாப்பிடமாட்டாள். எழுதியதை வாட்ஸ்அப்பில் போடாதே, தபாலில் அனுப்பு. எனக்கு அந்தச் சின்ன எழுத்து வாசிக்கக் கஷ்டம்.

உன்
பெரியம்மா