வாழையில் திசு வளர்ப்பு: தாய் மரத்திலிருந்து தொடங்குங்கள்

திசு வளர்ப்புக் கன்று என்றாலே நோயற்ற கன்று என்று வாழை விவசாயிகளில் பலர் நம்புகிறார்கள். இதில் பாதிதான் உண்மை. கிழங்கில் ஒட்டிவரும் நூற்புழு, கூன்வண்டு, வாடல் நோய்ப் பூஞ்சை ஆகியவை ஆய்வுக்கூடத்தில் கழிந்துவிடும். திசுவுக்குள்ளேயே வாழும் வைரஸ் அப்படிப் போகாது. தாய் மரத்தில் அது இருந்தால், ஒரு மரத்தின் நோயை ஆயிரம் தோட்டங்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தவர்கள் ஆவோம். கீழ்ப்பழனி மலையின் விருப்பாட்சி வாழையை முடிக்கொத்து நோய் சீரழித்தது. அசுவினியோடு நோயுற்ற பக்கக் கன்றுகளும் அதைப் பரப்பின. அந்த ரகத்தை மீட்கவும் வைரஸ் சோதனை செய்த திசு வளர்ப்புக் கன்றுகளே கைகொடுத்தன. ஆக, குடுவைக்குள் நடப்பதைவிட அதற்கு முன்னும் பின்னும் நடப்பதே கன்றின் தரத்தைத் தீர்மானிக்கிறது.

முதல் வேலை தாய் மரத் தேர்வு. தார் முற்றும் பருவத்தில் தோட்டத்தைச் சுற்றிவந்து, ரகத்தின் குணம் மாறாத, எடை மிகுந்த தார் போட்ட மரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பார்வைக்கு நன்றாக இருப்பது போதாது; அறிகுறி காட்டாமலும் வைரஸ் இருக்கும். முடிக்கொத்து, பூமடல் தேமல், வெள்ளரித் தேமல், வாழைக் கீற்று ஆகிய நான்குக்கும் எலிசா அல்லது பிசிஆர் சோதனை செய்து, தேறிய மரத்தின் ஈட்டி இலைக் கன்றை மட்டும் எடுங்கள். பூவன் போன்ற ரகங்களில் கூடுதல் கவனம் வேண்டும். கீற்று வைரஸின் மரபுக்கூறு சில வாழைகளின் மரபணுவிலேயே பதிந்திருக்கிறது. திசு வளர்ப்பின் அழுத்தத்தில் அது விழித்துக்கொள்ளக்கூடும். அதனால் கன்றுகளையும் இடையிடையே சோதிக்க வேண்டும்.

கன்றின் வேரையும் வெளி மட்டைகளையும் சீவி, ஓடும் நீரில் கழுவி, சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் கிருமி நீக்குங்கள். பிறகு லேமினார் காற்றறையில் ஓரிரு சென்டிமீட்டர் குருத்து நுனியாகச் செதுக்குங்கள். முராஷிகே, ஸ்கூக் இருவரும் 1962-இல் வெளியிட்ட ஊட்டக்கலவையே இன்றும் அடிப்படை. லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரை, 7 கிராம் அளவில் அகர், தளிர் பெருக 3 முதல் 5 மில்லிகிராம் பிஏபி என்னும் வளர்ச்சி ஊக்கி சேர்த்து, கார அமில நிலையை 5.8-இல் நிறுத்தி, 121 டிகிரி செல்சியஸில் 15 முதல் 20 நிமிடம் ஆட்டோகிளேவ் செய்ய வேண்டும். வளர்ப்பறைக்கு 25 டிகிரி வெப்பமும் 16 மணி நேர ஒளியும் போதும். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை தளிர்க்கொத்தைப் பிரித்துப் புதுக் குடுவைக்கு மாற்றுங்கள். எட்டுச் சுற்றோடு நிறுத்திவிடுங்கள். அதற்குமேல் பெருக்கினால் குட்டை மரங்களும் இலை திரிந்த மரங்களும் கூடும். அந்த இழப்பு நட்டவர் தலையில்தான் விழும். கடைசியாக, வேர் ஊக்கியான ஐபிஏவும் கரித்தூளும் கலந்த ஊட்டத்தில் வேர்விட வையுங்கள்.

குடுவையில் வளர்ந்த இலைக்கு மெழுகுப் பூச்சு குறைவு, இலைத்துளைகளும் சரியாக மூடுவதில்லை. நேரே வெயிலுக்கு வந்தால் ஒரே நாளில் வாடிவிடும். அகரைச் சுத்தமாகக் கழுவி, தென்னை நார்க்கழிவு நிரப்பிய குழித்தட்டில் நட்டு, ஈரப்பதம் மிகுந்த கூடத்தில் நான்கிலிருந்து ஆறு வாரம் வையுங்கள். பிறகு பாலித்தீன் பைக்கு மாற்றி, 50 சதவீத நிழல்வலையின் கீழ் இன்னும் ஐந்தாறு வாரம். உருத் திரிந்த கன்றை இங்கேயே கழித்துவிட வேண்டும்.

பக்கக் கன்று சும்மா கிடைக்கும்போது காசு கொடுத்து ஏன் வாங்க வேண்டும் என்பது நியாயமான கேள்வி. நோயற்ற, வீரியமான தோட்டத்தில் தேர்ந்தெடுத்த பக்கக் கன்று கிடைத்தால் வாங்க வேண்டியதில்லைதான். ஆனால் ஒரே சமயத்தில் தார் வெட்டவும், நூற்புழு இல்லாத தொடக்கத்துக்கும் திசு வளர்ப்பே வழி. அது நோய் எதிர்ப்பைத் தராது என்பதும் சரி: பனாமா வாடலின் டிஆர்4 வகை பீகாரில் திசு வளர்ப்பில் பெருகும் ஜி9 ரகத் தோட்டங்களையே தாக்கியது. நோயுற்ற மண்ணில் சுத்தமான கன்றும் சாகும்.

வாங்கும்போது 30 சென்டிமீட்டர் உயரமும் ஐந்தாறு இலையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். கூடவே, மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை 2006-இல் தொடங்கிய தரச்சான்று அந்தத் தொகுதிக் கன்றுகளுக்கு உண்டா என்று கேளுங்கள். காட்ட மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.